69 கிரேன் சன்னம் கடதாசியில் பக்கவாட்டில் விழுகிறது: வெடிமருந்தா பிழை, சன்னமா?

களுவாஞ்சிப் பொடியன்

வணக்கம். ஊர் களுவாஞ்சிகுடி, ஆனால் நாலு வருடமாக குயின்ஸ்லாந்தில் ஒரு ஆட்டுப் பண்ணையில் வேலை. இப்போது இரண்டு மாத லீவில் வீட்டில் நிற்கிறேன், திரும்பிப் போவதற்குள் ஒரு விஷயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். ஆடு குட்டி போடும் காலத்தில் அங்கே நரித் தொல்லை சொல்லி மாளாது, விடியப் போய்ப் பார்த்தால் குட்டியின் வால்தான் கிடக்கும். பண்ணைக்காரர் ஒரு பழைய .223 போல்ட் துவக்கு தந்திருக்கிறார், லைசன்ஸ் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. கடைத் தோட்டா விலை ஏறிப்போனதால் சுட்ட கோதுகளைப் பொறுக்கி நானும் கூட வேலை செய்கிற பொடியனும் நாங்களே நிரப்புகிறோம்.

காற்றில் அதிகம் விலகாது என்று யாரோ சொல்லி 69 கிரேன் (ஏறக்குறைய நாலரை கிராம்) மேட்ச் சன்னம், அதாவது போட்டிச் சன்னம், நாலு பெட்டி வாங்கினோம். 50 மீட்டரில் ஏதோ பரவாயில்லை. 100 மீட்டரில் சில ஓட்டை வட்டமாக இருக்கிறது, சிலது சாவித் துவாரம் மாதிரி நீளமாகக் கிழிகிறது, சன்னம் படுத்துக்கொண்டு போனது போல. ஐந்து வெடியும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள்ளே அடங்காது. மருந்துதான் சரியில்லை என்று ஏஆர்2208-ஐ விட்டு ஏஆர்2206எச்-க்கு மாறினோம், புத்தகத்தில் உள்ள அளவுக்குள்ளேயே கூட்டியும் குறைத்தும் பார்த்தோம். எல்லாம் ஒன்றுதான். அடுத்து எந்த மருந்து வாங்கலாம்?

படுவான்கரை

தம்பி, மருந்து வாங்குவதை நிறுத்துங்கள். நீளமாகக் கிழிகிறது என்று எழுதியதிலேயே பதில் இருக்கிறது. சன்னத்துக்குச் சுழற்சி போதவில்லை, பம்பரம் ஓயும்போது தலை ஆடுமே, அந்த ஆட்டம்தான். குழலின் ட்விஸ்ட், அதாவது உள்ளே வெட்டியிருக்கும் சுருள் வரி எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றுகிறது என்பது, எத்தனை? குழலில் பொறித்திருக்காவிட்டால் அளக்கலாம். கைப்பிடி தானாகச் சுழலும் துப்புரவுக் கம்பியில் துணியை இறுக்கமாகச் சுற்றி, தோட்டா இல்லாத துவக்கில் கொஞ்சம் உள்ளே விட்டு, கம்பியின் மேல்பக்கம் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். மெதுவாகத் தள்ள, அந்தக் கோடு ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மறுபடி மேலே வரும். அதற்குள் கம்பி எத்தனை அங்குலம் போனதோ அதுதான் ட்விஸ்ட். பழைய .223 என்றால் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றுதான் என் சந்தேகம்.

களுவாஞ்சிப் பொடியன்

பண்ணையில் இருக்கிற பொடியனுக்கு வாட்ஸ்அப் போட்டிருக்கிறேன், அளந்து சொல்வான். ஆனால் அண்ணன், 69 கிரேன் அவ்வளவு பாரமா? உள்ளங்கையில் வைத்தால் இருக்கிறதே தெரியாது.

வாவிக்கரையான்

நான் கனடாவில் பத்து வருடத்துக்கு மேல் நிரப்பியவன், இப்போது ஊரோடு வந்துவிட்டேன். பாரம் இல்லை விஷயம், நீளம். .223 சன்னம் எல்லாவற்றுக்கும் விட்டம் 0.224 அங்குலம்தான், ஆகவே பாரத்தைக் கூட்ட வேண்டுமென்றால் நீட்டத்தான் முடியும், நீள நீளச் சுழற்சியும் கூட வேண்டும். 1879-இல் கிரீன்ஹில் என்ற கணித ஆசிரியர் போட்ட கணக்கு ஒன்று இன்றைக்கும் தோராயத்துக்கு உதவும்: விட்டத்தின் வர்க்கத்தை 180-ஆல் பெருக்கிச் சன்னத்தின் நீளத்தால் வகுங்கள் (வேகம் குறைந்த சன்னத்துக்கு 150, .223 போன்றவற்றுக்கு 180). 69 கிரேன் மேட்ச் சன்னம் ஏறக்குறைய 0.9 அங்குலம். கணக்குப் போட்டால் 10 வருகிறது. அதாவது 10 அங்குலத்துக்கு ஒரு சுற்றாவது வேண்டும், 9 என்றால் நிம்மதி. 12-ஐ வைத்துத் திருப்பிப் போட்டால் முக்கால் அங்குலச் சன்னம்தான் கிடைக்கிறது, அது சாதாரண 55 கிரேன் தட்டையடிச் சன்னத்தின் நீளம். இதை நானும் பணம் கொட்டித்தான் படித்தேன்.

ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். நிரப்பியதை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரே ஒரு பெட்டி 55 கிரேன் கடைத் தோட்டா வாங்கி அதே துவக்கில் 100 மீட்டரில் சுடட்டும். ஓட்டை வட்டமாக விழுந்தால் துவக்கிலும் பிழையில்லை, உங்கள் கையிலும் பிழையில்லை.

தட்டார் வீட்டுப் பிள்ளை

அக்கரைப்பற்றில் எங்களுக்கு நகை வேலை, துவக்கு பற்றி ஒன்றும் தெரியாது, கிரேன் என்றதும் எட்டிப் பார்த்தேன். ஒரு பவுன் ஏறக்குறைய 123 கிரேன். அப்படியென்றால் உங்கள் 55 கிரேன் சன்னம் அரைப் பவுனுக்கும் குறைவு! மருந்தை எந்தத் தராசில் நிறுக்கிறீர்கள்? எங்கள் கடைத் தராசு 0.01 கிராம் வரை காட்டும், பொன்னுக்கு அது போதும், ஆனால் 0.01 கிராம் என்றாலே 0.15 கிரேன் ஆகிவிடுகிறது.

வாவிக்கரையான்

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். மருந்துக்கு 0.1 கிரேன் காட்டும் தராசும், அதைச் சரிபார்க்கப் படிக்கல்லும் கட்டாயம். நிறுக்கும்போது மின்விசிறியையும் நிறுத்திவிட வேண்டும்.

வெல்லாவெளி வயற்காரன்

இழைக்குச் சம்பந்தமில்லை என்றாலும் கேட்கிறேன். எங்கள் வயலைப் பன்றி உழுதுவிட்டுப் போகிறது, மாட்டுக்கு உழவுக்கூலி மிச்சம் என்று மனைவி பகிடி வேறு. தம்பி சொல்லுகிற இந்த நிரப்புகிற வேலையை இங்கே செய்யலாமா?

படுவான்கரை

அண்ணன், அந்த நினைப்பே வேண்டாம். இங்கே துவக்குக்கு 1916-ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், மருந்துக்கு 1956-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம், அனுமதியில்லாமல் ஒரு டப்பா மருந்து வீட்டில் இருந்தாலே உள்ளே போடுவான். கட்டுத்துவக்குப் (பொறியாகக் கட்டி வைத்துத் தானாக வெடிக்க விடுகிற துவக்கு) பக்கமும் போகாதீர்கள், அதற்குப் பன்றி எது, விறகுக்குப் போன மனுசன் எது என்று தெரியாது. தம்பி, உங்களுக்கும் சொல்கிறேன், அங்கே லைசன்ஸ் இருக்கிறது என்று நிரப்பிய தோட்டா ஒன்றையாவது பையில் போட்டுக்கொண்டு பிளேன் ஏறிவிடாதீர்கள்.

வாவிக்கரையான்

இன்னொன்று, நரிக்குத் தேடுகிற சன்னம் பன்றிக்கு ஆகாது. நரி, முயலுக்கென்று செய்கிறதில் செப்புத் தோல் மெல்லியது, நுனியில் பிளாஸ்டிக், பட்ட உடனே சிதறிவிடும். பன்றியின் தோள் எலும்பில் பட்டால் மேலே சிதறிவிட்டுப் பன்றி காயத்தோடு ஓடும். பாவமும் கூட, ஆபத்தும் கூட.

களுவாஞ்சிப் பொடியன்

பொடியன் அளந்துவிட்டான். மூன்று தரம் அளந்தானாம், மூன்று தரமும் 12 அங்குலத்துக்கு ஒரு மயிரிழை முன்னே பின்னே. கடைத் தோட்டா 55 கிரேனும் சுட்டுப் பார்த்தான். ஐந்து ஓட்டையும் வட்டம், எல்லாம் ஒன்றரை அங்குலத்துக்குள்ளே. படம் அனுப்பினான், எனக்குச் சிரிப்பும் வருகிறது, நாலு பெட்டிக் காசை நினைத்தால் அழுகையும் வருகிறது. இப்போது கேட்கலாம்தானே, 50, 55 கிரேனுக்கு எந்த மருந்து?

வாவிக்கரையான்

இப்போது கேட்கலாம். சன்னம் ஹோர்னடி வி-மேக்ஸ் 50 அல்லது 55, சியெரா பிளிட்ஸ்கிங் என்றாலும் சரி, கிடைக்கிறதை எடுங்கள், ஆனால் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். கையில் இருக்கும் ஏஆர்2206எச் இந்தப் பாரத்துக்கு நன்றாக ஒத்துவரும், அதை முடிக்காமல் வேறு தேடாதீர்கள். முடிந்த பிறகு பிஎம்2 பார்க்கலாம், மணி சின்னது, அளவியில் சீராக விழும். ஏஆர்2208 கொஞ்சம் ஆறுதலாக எரிகிறது, பாரச் சன்னத்துக்குத்தான் நான் அதை வைத்திருப்பேன். வட அமெரிக்காவில் வார்கெட், எச்4895, பெஞ்ச்மார்க் என்று விற்கிறதும் வரிசையாக இந்த 2208, 2206எச், பிஎம்2-தான், எல்லாம் உங்கள் பக்கத்து மல்வாலாவில் செய்து போகிறது. ஆனால் பெயரில் ஏமாறாதீர்கள். ‘எச்’ இல்லாத ஏஆர்2206 வேறு மருந்து, ஐஎம்ஆர் 4895-உம் வேறு. ஒன்றின் அளவை மற்றதுக்குப் போட்டால் முகத்துக்கு முன்னாலே வெடிக்கிற விஷயம்.

அளவு நான் சொல்ல மாட்டேன், கேட்கவும் வேண்டாம். மருந்துக்காரனின் இந்த வருடப் பட்டியலில் அதே சன்னத்துக்குப் போட்டிருக்கிற தொடக்க அளவில் ஆரம்பித்து, சின்னச் சின்னதாக ஏறுங்கள். போல்ட் தூக்கக் கைக்குப் பாரமாக இருந்தாலோ, கோதின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் கேப் சப்பளிந்து கிடந்தாலோ, கோதின் அடியில் பளபளவென்று வட்டத் தழும்பு தெரிந்தாலோ அங்கேயே நிறுத்தி இறங்க வேண்டும். கோதுகளைக் கலக்க வேண்டாம், ராணுவக் கோது சிலதில் சுவர் தடிப்பு, உள்ளே இடம் குறைவு, அதே மருந்துக்கு அழுத்தம் கூடும். நிரப்பிய தோட்டாவை வெயிலில் நிற்கிற வாகனத்தின் டாஷ்போர்டில் போட்டு வைக்கிற பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள்.

களுவாஞ்சிப் பொடியன்

டாஷ்போர்டு கதை எப்படித் தெரிந்தது அண்ணன்? அங்கேதான் கிடக்கிறது. இப்போதே எடுத்து உள்ளே வைக்கச் சொல்கிறேன். 69 கிரேன் மூன்று பெட்டி உடைக்காமல் இருக்கிறது, பக்கத்துப் பண்ணையில் 8 அங்குல ட்விஸ்ட் துவக்கு ஒன்று இருக்கிறதாம், அந்தாளிடம் கொடுத்து வி-மேக்ஸ் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்க்கப் போகிறேன்.