கஜா புயல் நிவாரணம், பயிர் நிவாரணம்: மனசுல நிக்கிற அனுபவம் இருந்தா எழுதுங்க

தோப்புக்காரன்_பேராவூரணி:
2018 நவம்பர் 16 விடிகாலை என்ன நடந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், அத விடுங்க. கணக்கெடுக்க வந்த அன்னைக்கு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆற மாட்டேங்குது. விழுந்த தென்னை மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500, ஹெக்டேருக்கு 175 மரம்னு கணக்கு. எங்க தோப்புல வடக்கு வரிசை பூரா விழாம நின்னுச்சு, ஆனா குருத்து திருகிப்போயி தொங்குது. வந்த தம்பி "நிக்கிற மரத்த எழுத முடியாதுங்கய்யா"ன்னுட்டாப்ல. எங்கப்பா ஒண்ணும் பேசல, இருக்குறதுலயே குட்டையான மரத்துல தொங்குன குருத்தப் புடிச்சு ஒரு இழு இழுத்தாரு, கையோட வந்துருச்சு, அடி பூரா அழுகல், நாத்தம் தாங்கல. அத நீட்டி "இது இனிமே காய்க்குமா தம்பி, நீயே சொல்லு"ன்னாரு. அந்தத் தம்பி எங்கப்பா மூஞ்சியப் பாக்கல, நோட்டுல என்னமோ எழுதுனாப்ல. பணம் வந்தப்ப விழுந்த மரத்துக்கு மட்டும்தான் வந்துச்சு. நின்ன வரிசை அடுத்த வருஷமே மொட்டை. நெட்டைக் கன்னு வச்சா காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம், அதுவரைக்கும் என்னத்த சாப்பிடுறது?

கடைமடை_நெல்லு:
எங்களுக்கு தோப்பெல்லாம் இல்ல, வாய்வார்த்தை குத்தகை, சம்பா. 2021 ஜனவரி மழையில கதிரு சாஞ்சு வயல்லயே முளைச்சுப்போச்சு. அந்தத் தடவை நிவாரணம் ஹெக்டேருக்கு 13,500 ரூபாய்ங்கறத 20,000 ஆக்குனாங்க, சந்தோஷமாத்தான் இருந்துச்சு. பட்டா நிலத்துக்காரர் பேர்ல, அவரு சென்னையில. பட்டியல்ல பாத்தா அவர் பேருதான் இருக்கு. போன் போட்டேன், "ஆமாப்பா பேங்க்ல இருந்து மெசேஜ் வந்துச்சு, எதுக்கு வந்த பணம்னு நானே யோசிச்சுக்கிட்டு இருந்தேன்"னாரு. நிஜமாவே தெரியாமத்தான் கேட்டாரு. அந்த வருஷம் மழை பெஞ்சதே அவருக்குத் தெரியல.

முன்னாள்_களப்பணி:
தோப்புக்காரரே, வந்த பையன குத்தம் சொல்லாதீங்க. நானும் கஜாவுக்கு கணக்கெடுக்க போனவன்தான், ஒரு ஊர்ல ஒரு அம்மா விழுந்த மரத்து மேலயே உக்காந்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேன்னுட்டாங்க, எண்ணி முடிக்கிற வரைக்கும் அழுதாங்க, நாங்களும் மனுஷங்கதான்.
கடைமடை அண்ணனுக்கு சொல்றேன், குத்தகைதாரர் உரிமையப் பதிவு பண்ண 1969லயே சட்டம் இருக்கு, தாசில்தார் ஆபீஸ்ல மனு குடுங்க. நட்டு முடிச்சதும் விஏஓவப் பாத்து, அடங்கல்ல, அதான் ஊர்ப் பயிர்க் கணக்குல, என்ன பயிர், யார் சாகுபடின்னு ஏறிடுச்சான்னு கேளுங்க, அறுவடை நேரத்துல போயி நின்னா ஒண்ணும் ஆகாது. தண்ணி நிக்கும்போதே போட்டோ எடுத்து வைங்க, நிவாரணத்துக்கு 33 சதவீதத்துக்கு மேல சேதம்னு காட்டணும்ல. இன்சூரன்ஸும் போடுங்க, சம்பாவுக்கு காப்பீட்டுத் தொகையில ஒன்றரை சதவீதம்தான் நம்ம பங்கு, ஆனா அது வேற நிவாரணம் வேற, ரெண்டையும் போட்டு குழப்பிக்காதீங்க, இன்சூரன்ஸ்ல உங்க ஒரு வயல மட்டும் பாக்க மாட்டாங்க, வருவாய் கிராமம் மொத்தத்துக்கும் சோதனை அறுவடை பண்ணி சராசரி எடுப்பாங்க. பாஸ்புக்ல ஐஎஃப்எஸ்சி மாறியிருக்கான்னு பாருங்க, ஒரு பேங்க இன்னொரு பேங்கோட இணைச்சதுல நெறைய பேருக்கு பணம் திரும்பிப் போயிருக்கு.

தோப்புக்காரன்_பேராவூரணி:
பையன நான் எங்க திட்டுனேன்? நிக்கிற மரம் செத்த மரம்னு எழுத ஒரு வழி இருந்திருக்கணும்னுதான் சொல்றேன்.

கடைமடை_நெல்லு:
சார், சட்டம் எனக்கும் தெரியும். மனு குடுக்கப் போறேன்னு தெரிஞ்ச அன்னைக்கே நிலத்துக்காரரு நிலத்த விட்டுருன்னுருவாரு. அடங்கல்ல என் பேரு வரணும்னாலும் அவரு எழுதிக் குடுக்கணும். எழுதிக் குடுப்பாரா? இதுக்கு வழி தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்க.