வீட்டிலேயே கட்ட ஒரு சிறிய பாய்மரப் படகு: எந்த வரைபடத்தை எடுப்பது?

கேள்வி

வணக்கம். வீட்டில் ஒரு சிறிய பாய்மரப் படகு கட்ட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. இடமும் நேரமும் இப்போதுதான் ஒன்றாக அமைந்திருக்கின்றன. எந்த வரைபடம் என்பதில் நின்றுபோயிருக்கிறேன்.

கார் ஷெட்டின் உள்நீளம் 5 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். மரவேலை ஓரளவு தெரியும். ஜிக்சா, டிரில், இழைப்புளி, கிளாம்ப்புகள் இருக்கின்றன. எபாக்ஸியை (இரண்டு திரவங்களைக் கலந்து பூசும் பிசின் பசை) தொட்டதே இல்லை. படகில் போகப்போவது நான், மனைவி, ஒன்பது வயது மகள். பெரியவர்கள் இருவரும் சேர்ந்து 130 கிலோ. ஓட்டப்போவது அகலமான ஓர் ஏரியில், மதியத்துக்கு மேல் அங்கே காற்று விட்டுவிட்டு வலுவாக அடிக்கும். டிரெய்லர் கிடையாது. காரின் கூரைமேல் கட்டித்தான் கொண்டுபோக வேண்டும்.

மனதில் மூன்று யோசனைகள். ஒன்று, கோட் ஐலண்ட் ஸ்கிஃப். பார்த்ததும் பிடித்துப்போனது. இரண்டு, ஸ்கேம்ப். குட்டையான படகு, ஆனால் மிகவும் பாதுகாப்பானது என்கிறார்கள். மூன்று, எளிமையான ஆப்டிமிஸ்ட் வரைபடத்தை எடுத்து எல்லா அளவுகளையும் 1.3-ஆல் பெருக்கிக் கட்டுவது. மூன்றாவதுதான் சுலபம் என்று தோன்றுகிறது. சரியா?

பதில் 1

மூன்றாவதை இப்போதே விட்டுவிடுங்கள். காரணம் சொல்கிறேன்.

ஆப்டிமிஸ்ட் 1947-இல் கிளார்க் மில்ஸ் குழந்தைகளுக்காக வரைந்த படகு. நீளம் 2.36 மீட்டர். எட்டடி பிளைவுட் தாளில் ஒட்டுப்போடாமல் பக்கப்பலகை வெட்டும்படி அமைத்தது. அதை 1.3 மடங்கு ஆக்கினால் நீளம் 3.07 மீட்டர் ஆகிவிடும், ஒவ்வொரு நீளப் பலகைக்கும் ஒட்டு தேவைப்படும். எளிமை என்று நினைத்து எடுத்தீர்களே, அது அங்கேயே போய்விட்டது.

அதைவிடப் பெரிய சிக்கல் எடை. எல்லா அளவையும் 1.3-ஆல் பெருக்கினால் பரப்பு 1.69 மடங்கு, கொள்ளளவு ஏறக்குறைய 2.2 மடங்கு. பழைய படகு 40 கிலோ குழந்தையோடு எவ்வளவு அமிழ்ந்து நன்றாக ஓடுமோ, புதியது அதே விகிதத்தில் அமிழ 88 கிலோ ஏற்றலாம். நீங்கள் ஏற்றப்போவது 130 கிலோவும் மகளும். விளிம்பு தண்ணீருக்கு மிக அருகில் வந்துவிடும். இன்னொன்று, பாயில் காற்று தள்ளும் விசை பரப்போடு 1.69 மடங்கு கூடும், அது தள்ளும் உயரமும் 1.3 மடங்கு கூடும். படகைச் சாய்க்கும் திறன் 2.2 மடங்கு. அதே தடிமன் மரத்தில் பாய்மரம், பிளைவுட், சுக்கான் எதுவும் இதைத் தாங்குமென்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றையும் மறுபடி கணக்கிட வேண்டும். அது புது வரைபடம் போடுகிற வேலை.

பதில் 2

முந்தைய பதிலோடு முழுக்க உடன்படுகிறேன். மற்ற இரண்டையும் பார்ப்போம்.

கோட் ஐலண்ட் ஸ்கிஃப் மைக்கேல் ஸ்டோரர் வரைந்தது. நீளம் 4.7 மீட்டர், கூடு (பாயும் பாய்மரமும் இல்லாத வெறும் படகு உடல்) மட்டும் 60 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, பாய் பத்துச் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. இவ்வளவு லேசான கூட்டுக்கு இது நிறையப் பாய். அதனால்தான் அந்தப் படகு பறக்கிறது, அதனால்தான் அதை விரும்புகிறவர்கள் அவ்வளவு விரும்புகிறார்கள். ஆனால் விட்டுவிட்டு அடிக்கிற காற்றில், முதல் பருவத்தில், மகளை முன்னால் உட்காரவைத்து ஓட்ட நான் சொல்லமாட்டேன். தவிர உங்கள் ஷெட்டில் அது நுழையும், ஆனால் நீங்கள் அதைச் சுற்றி நடக்க முடியாது. முனையில் கிளாம்ப் போட ஒவ்வொரு தடவையும் படகுக்கு அடியில் தவழ வேண்டிவரும்.

ஸ்கேம்ப் ஜான் வெல்ஸ்ஃபோர்டின் வரைபடம். 3.6 மீட்டர்தான், ஆனால் நீளத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. தரைக்கு அடியில் 75 கிலோவுக்கு மேல் தண்ணீர் பிடிக்கும் தொட்டி, சுற்றிலும் காற்றறைகள், முன்னால் சின்னத் தடுப்பறை. நல்ல படகு. ஆனால் தண்ணீர் நிரப்பாமலே அது கூரைமேல் ஏற்றும் எடை அல்ல. டிரெய்லர் வாங்கும் எண்ணம் இல்லையென்றால் இந்தப் பக்கமே போகவேண்டாம்.

முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள்: உங்கள் காரின் கையேட்டில் கூரை எவ்வளவு எடை தாங்கும் என்று போட்டிருக்கிறது? பல கார்களுக்கு 75 கிலோவுக்கு உள்ளேதான், அதில் ரேக்கின் எடையும் சேர்த்தி. அப்புறம், அந்தப் படகை யார் யார் சேர்ந்து தூக்குவீர்கள்?

பதில் 3

எனக்கு வேறு கருத்து. முதல் படகு குடும்பத்துக்கான படகாகத்தான் இருக்க வேண்டுமா? பட்டில் டக் ரேசர் என்று ஒன்று உண்டு. எட்டடி நீளம், நாலடி அகலம், நேரான பக்கங்கள் கொண்ட பெட்டி. கூட்டின் அடிப்பக்கம் பத்து அங்குல உயரம் வரை வடிவம் ஒரே மாதிரி இருந்தால் போதும், மேலே உங்கள் இஷ்டம். சில வார இறுதிகளில் தண்ணீரில் இறக்கிவிடலாம். எபாக்ஸி கலப்பது, மூலை நிரப்புவது, பாய் கட்டுவது எல்லாம் அதிலேயே கையில் வந்துவிடும். அடுத்து பெரியது கட்டுங்கள்.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. பெருக்கல் யோசனையை மறந்துவிட்டேன். கையேட்டைப் பார்த்தேன், கூரை 75 கிலோதான். தூக்கப்போவது நானும் மனைவியும் மட்டும். அவருக்கு 20 கிலோவுக்கு மேல் தோள் உயரத்துக்குத் தூக்குவது கஷ்டம்.

பட்டில் டக் நல்ல யோசனைதான், ஆனால் மூன்று பேரும் சேர்ந்து போகவேண்டும் என்பதுதான் இதன் நோக்கமே. மகளைக் கரையில் நிறுத்திவிட்டு நான் மட்டும் போவதில் எனக்கு விருப்பமில்லை.

பதில் 2

இப்போது கேள்வி தெளிவாகிவிட்டது. இருவர் தூக்கும் 40 கிலோ கூடு, மூன்று பேர் உட்கார இடம், அடங்கிய பாய், கவிழ்ந்தால் நிமிர்த்த முடிய வேண்டும். 3.3-இலிருந்து 3.6 மீட்டருக்குள், முன்பக்கம் கூராக இல்லாமல் தட்டையாக வெட்டிய பிராம் வகையைப் பாருங்கள். முனை இல்லாததால் அதே நீளத்தில் உள்ளே அதிக இடம் கிடைக்கும்.

இந்த வகையில் பேர்போனது மிரர் டிங்கி (டிங்கி என்றால் சிறிய திறந்த படகு). 1960-களின் தொடக்கத்தில் ஜாக் ஹோல்ட்டும் பாரி பக்நெலும் சேர்ந்து உருவாக்கியது, 70,000-க்கு மேல் கட்டப்பட்டிருக்கிறது. நீளம் 3.3 மீட்டர், எடை 45 கிலோ சொச்சம். பிளைவுட் துண்டுகளைச் செம்புக்கம்பியால் தைத்து, மூட்டுகளில் கண்ணாடியிழை நாடா ஒட்டி மூடும் முறையை வீடுகளுக்குள் கொண்டுவந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அதில் உள்ளது கண்டர் பாய். பாய்மரம் குட்டையானது, மேல்பாதிக்கு ஒரு பருமல் (பாயைத் தாங்கும் கட்டை) ஏறி நிற்கும். எல்லாக் கட்டைகளும் படகுக்குள்ளேயே அடங்கும், கார்க்கூரைக்கு இது பெரிய வசதி. ஆனால் மிரர் கிட்டாக, அதாவது வெட்டிய துண்டுகள் அடங்கிய தொகுப்பாக, விற்கப்பட்டு வளர்ந்த படகு. அதை எடுப்பதாக இருந்தால் கிட் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வரைபடத்திலிருந்தே கட்டவேண்டுமென்றால் செசபீக் லைட் கிராஃப்டின் பாசேஜ்மேக்கர் டிங்கி உங்களுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். 3.5 மீட்டர், கூடு 40 கிலோ அளவில், இதுவும் பிராம். காற்று இல்லாத நாளில் துடுப்புப் போட்டும் நன்றாக ஓடும், அது ஏரியில் ரொம்ப முக்கியம்.

முடிவெடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். தரையில் சுண்ணக்கட்டியால் படகின் உருவத்தை முழு அளவில் வரைந்து, மூன்று பேரும் அதற்குள் உட்காருங்கள். டாகர்போர்டு (படகு பக்கவாட்டில் நழுவாமல் இருக்க நடுவில் தண்ணீருக்குள் இறக்கும் பலகை) செருகும் பெட்டி நடுவில் எங்கே வருகிறதோ அங்கே ஓர் அட்டைப்பெட்டி வையுங்கள். பக்கம் மாறி உட்கார்ந்து பாருங்கள். வரைபடத்தில் தெரியாதது அதில் தெரிந்துவிடும்.

பதில் 4

பிளைவுட் பற்றி யாரும் பேசவில்லை. படகின் எடை அங்கேதான் தீர்மானமாகிறது. 6 மில்லிமீட்டர் ஓக்கூமே (லேசான ஒரு மரம்) மரைன் பிளைவுட் எட்டடிக்கு நாலடித் தாள் ஏறக்குறைய 8 கிலோ. கனமான மரத்தில் செய்த அதே தாள் 12 கிலோவைத் தாண்டலாம். ஆறு தாள் வாங்கினால் 24 கிலோ வித்தியாசம். உங்கள் மனைவி தூக்கக்கூடிய அளவுக்கு மேல் அது போய்விடும்.

தாளில் பி.எஸ். 1088 (மரைன் பிளைவுட்டுக்கான பிரிட்டிஷ் தர நிர்ணயம்) முத்திரை இருந்தாலும் ஒரு துண்டை வெட்டிக் கொதிக்கும் தண்ணீரில் சில மணி நேரம் போட்டு, காயவைத்து, மறுபடி போடுங்கள். அடுக்குகள் பிரிந்தால் அந்தத் தாள் வேண்டாம். வெட்டிய விளிம்பில் உள்ளடுக்கில் இடைவெளி தெரிகிறதா என்றும் பாருங்கள்.

எபாக்ஸிக்கு அளவு ரொம்பக் கறாராக இருக்க வேண்டும். சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரை (பிசினை இறுக வைக்கும் இரண்டாவது திரவம்) கூட்டினால் சீக்கிரம் காயாது, மென்மையாகவே நின்றுவிடும். காய்ந்தபின் மேலே மெழுகுபோல் ஒரு படலம் வந்தால், தேய்க்கும் முன் தண்ணீரும் பஞ்சும் வைத்துக் கழுவுங்கள். தேய்த்துவிட்டுக் கழுவினால் படலம் பரவிவிடும், அடுத்த பூச்சு பிடிக்காது. கையுறை ஒவ்வொரு முறையும் அவசியம். ஒருமுறை எபாக்ஸி ஒவ்வாமை வந்தால் அப்புறம் விட்டுப்போவது கடினம்.

கேட்டவர்

சுண்ணக்கட்டி வேலை முடிந்தது. 3.5 மீட்டரில் மூன்று பேருக்கும் இடம் போதுகிறது. மகள் முன்னால் உட்கார்ந்தால் கால் நீட்டமுடியாது, அவ்வளவுதான். பாசேஜ்மேக்கர் வரைபடம் வாங்கப்போகிறேன். ஒற்றைப் பாய் உள்ள லக் வகையை எடுக்கவா, முன்பாய் சேர்ந்த கண்டர் வகையை எடுக்கவா? கவிழ்ந்தால் நிமிருமா என்பதை எப்படி முன்கூட்டியே தெரிந்துகொள்வது?

பதில் 1

லக் எடுங்கள். ஒரே பாய், ஒரே கயிறு கையில், பாய்மரத்துக்குப் பக்கக் கம்பிகள் வேண்டாம். காற்று கூடினால் சீக்கிரம் பாயைச் சுருக்கலாம். சுருக்குக் கயிறுகள் இரண்டு வரிசை இருக்கட்டும். உங்கள் ஏரிக்கு இரண்டாவது வரிசை கண்டிப்பாகப் பயன்படும். மகளுக்கு முன்பாய்க் கயிறு பிடிக்க ஆசை வந்தால் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

கவிழ்வதைப் பற்றி: படகு முடிந்ததும் இடுப்பளவு தண்ணீரில் வேண்டுமென்றே கவிழ்த்துப் பாருங்கள். பாய் கட்டிய நிலையில், மூன்று பேரும் மிதவைச் சட்டை போட்டபடி. நிமிர்த்தியபின் படகு தண்ணீர் நிரம்பி மிதக்கும். அப்போது டாகர்போர்டு பெட்டியின் மேல்வாயைப் பாருங்கள். அது வெளித்தண்ணீர் மட்டத்துக்கு மேலே நிற்கிறதா? கீழே இருந்தால் நீங்கள் இறைக்க இறைக்கத் தண்ணீர் அந்த வாய் வழியே திரும்ப வந்துகொண்டே இருக்கும். மேல்வாய்க்கு ஒரு மூடி செய்து வையுங்கள், அல்லது பின்பக்கமும் பக்கங்களிலும் காற்றறையின் கொள்ளளவைக் கூட்டுங்கள். பின்பக்கத்தில் கால் வைத்து ஏற ஒரு கயிற்று வளையமும் கட்டுங்கள். நனைந்த உடையோடு கை பலத்தில் மட்டும் ஏறுவது பெரியவர்களுக்கே முடியாது.

வரைபடம் வந்ததும் முதலில் 1:10 அளவில் அட்டையில் ஒரு மாதிரி செய்யுங்கள், ஒரு மாலை போதும். பின்னர் நிஜத்தில் சுக்கானையும் டாகர்போர்டையும் முதலில் செய்யுங்கள். சின்ன துண்டுகள், எபாக்ஸி கை பழக நல்லவை, சரியாக வராவிட்டால் இன்னொன்று செய்துகொள்ளலாம். அதன்பிறகு பெரிய பலகைகளில் கைவையுங்கள்.