மகளுக்கு 21 தாண்டிவிட்டது, அமெரிக்கக் குடியேற்ற விசாவில் சேர்க்க வழி உண்டா?

கேள்வி:
வணக்கம். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற என் அக்கா 18 வருடங்களுக்கு முன் எனக்காக ஐ-130 பெட்டிஷன் (உறவினரை அழைக்கும் மனு) போட்டார், உடன்பிறந்தவர்களுக்கான எஃப்4 பிரிவு. யாருடைய முறை வந்தது என்று அமெரிக்க அரசு மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டினில் போன மாதம்தான் எங்கள் தேதி வந்தது. எனக்கும் மனைவிக்கும் குடியேற்ற விசாவுக்கான டிஎஸ்-260 படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். மகளுக்கு அந்த மாதம் 1ஆம் தேதி 22 வயது 11 மாதம். 21 தாண்டினால் சேர்க்க முடியாது என்கிறார்கள். பெட்டிஷன் போட்டபோது அவளுக்கு ஐந்து வயதுகூட நிரம்பவில்லை. அவளை விட்டுவிட்டு எப்படிப் போவது? இரவில் தூக்கமே இல்லை.

பதில் 1:
கஷ்டம்தான் சார். நீங்கள் கிரீன் கார்டு வாங்கிய பிறகு எஃப்2பி பிரிவில் (கிரீன் கார்டு வைத்திருப்பவரின் 21 தாண்டிய, மணமாகாத பிள்ளைகளுக்கானது) மகளுக்குத் தனியாகப் போடலாம். ஆனால் அதுவும் பல வருடம் இழுக்கும்.

பதில் 2:
சார், அவசரப்பட்டு மகளை விட்டுவிடாதீர்கள். 2002இல் வந்த சிஎஸ்பிஏ (குழந்தை நிலைப் பாதுகாப்பு) சட்டம் இதற்காகத்தான் இருக்கிறது. பெட்டிஷன் முடிவாகாமல் கிடந்த காலத்தை, விசா கிடைக்கும் நிலை வந்த நாளில் அவருக்கு இருந்த வயதிலிருந்து கழிக்க வேண்டும். மீதி 21க்குள் இருந்தால் அவர் குழந்தைதான். 18 வருடமும் கழியாது, கவனம். பெட்டிஷன் போய்ச் சேர்ந்ததிலிருந்து அப்ரூவல் ஆகும்வரை எவ்வளவு நாளோ அது மட்டும்தான். விசா புல்லட்டினில் இரண்டு அட்டவணை இருக்கும், அதில் விசா வழங்கக்கூடிய தேதியைச் சொல்லும் 'ஃபைனல் ஆக்‌ஷன்' அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். பெட்டிஷன் சேர்ந்த தேதியும் அப்ரூவல் தேதியும் உள்ள பழைய ஐ-797 நோட்டீஸ் அக்காவிடம் இருக்கிறதா?

கேட்டவர்:
அக்கா பழைய ஃபைலைத் துழாவி எடுத்து போட்டோ அனுப்பினார். மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து அழிந்திருக்கிறது, ஆனால் இரண்டு தேதியும் தெரிகிறது. கணக்குப் பார்த்தால் நடுவில் 2 வருடம் 5 மாதம். ஃபைனல் ஆக்‌ஷன் தேதியே வந்துவிட்டது.

பதில் 2:
அப்படியென்றால் 20 வயது 6 மாதம்! மகளும் வரலாம் சார். ஆனால் தேதி வந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் அவர் விசாவுக்கு முயற்சி எடுத்திருக்க வேண்டும். அவருக்கும் தனி டிஎஸ்-260 நிரப்பி உடனே சமர்ப்பித்துவிடுங்கள். என்விசி (அமெரிக்காவின் தேசிய விசா மையம்) கேஸில் அவர் பெயர் இல்லையென்றால், இந்தக் கணக்கை எழுதி, நோட்டீஸை இணைத்து, சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். கடைசி முடிவு நேர்காணல் எடுக்கும் அதிகாரியுடையது, அதனால் நோட்டீஸ் கையிலேயே இருக்கட்டும்.

கேட்டவர்:
கண் கலங்கிவிட்டது. ஒன்று மட்டும் கேட்கிறேன். அவள் வர முடியாது என்று நினைத்து கல்யாணம் பேசி முடித்துவிட்டோம். இரண்டு மாதத்தில் தேதி.

பதில் 3:
தயவுசெய்து தள்ளி வையுங்கள். கல்யாணம் ஆனால் சிஎஸ்பிஏ காப்பாற்றாது. விசா கையில் வந்த பிறகு, விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் நடந்தாலும் பிரச்சினைதான், அமெரிக்காவுக்குள் நுழையும்வரை அவர் மணமாகாதவராக இருக்க வேண்டும். நீங்கள் கிரீன் கார்டு மட்டும் வைத்துக்கொண்டு மணமான மகளுக்குப் பெட்டிஷன் போடவும் முடியாது, அதற்குக் குடியுரிமை வேண்டும். அப்புறம், அவர் உங்களோடு அல்லது உங்களுக்குப் பின்னால் போகலாம், முன்னால் போகக் கூடாது.

கேட்டவர்:
மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசினோம், காத்திருக்கச் சம்மதித்தார்கள். மகளின் டிஎஸ்-260ஐ இன்று காலை சமர்ப்பித்துவிட்டோம். உறுதிப்பக்கத்தை அவளே அச்செடுத்து, அக்கா அனுப்பிய நோட்டீஸின் நகலோடு சேர்த்து வைத்திருக்கிறாள்.