டெங்கு ஊசி: "10 வந்தால் பாஸ்" என்று எழுதியவர் கவனத்துக்கு

தண்டையார்பேட்டை லேப்காரன்:
நேற்று ராயபுரம் ராக்கெட் இங்கே எழுதியது: "சோதனையில் இருக்கும் டெங்கு ஊசியைப் போட்டவர் ரத்தத்தில் எதிர்ப்பு அளவு 10 தொட்டால் பாஸ்." எந்த ஊர்க் கணக்கு இது? 10 என்பது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசிக்கு வைத்த கோடு. டெங்குவுக்கு அப்படி ஒரு கோடு இன்னும் இல்லை.

ராயபுரம் ராக்கெட்:
இரண்டும் கொசு பரப்புகிற, ஒரே குடும்பத்து வைரஸ். சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிந்த நீரை, பத்து மடங்கு நீர்த்த பிறகும், தட்டில் வளர்த்த செல் படலத்தில் வைரஸ் போடும் ஓட்டைகள் பாதியாகக் குறைந்தால் 10. படித்துவிட்டுத்தான் எழுதினேன்.

தண்டையார்பேட்டை லேப்காரன்:
தம்பி பாஸானால் அண்ணனுக்கும் சர்டிபிகேட்டா? டெங்குவில் நான்கு வகை. டெங்வாக்சியா என்ற பழைய டெங்கு ஊசியின் தாய்லாந்து சோதனை முடிவு 2012இல் வந்தது. நான்குக்கும் ரத்தத்தில் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் பொருள் வந்திருந்தது, பாதுகாப்போ சுமார் 30 சதவீதம்தான். இரண்டாம் வகையைத் தடுக்கவே இல்லை! பிலிப்பைன்ஸில் 8 லட்சத்துக்கு மேல் பிள்ளைகளுக்குப் போட்ட பிறகு, 2017இல் கம்பெனியே சொன்னது: முன்பு டெங்கு வராதவருக்கு இந்த ஊசிக்குப் பின் வந்தால் கடுமையாகலாம்.

இன்னொன்று. தட்டில் வளர்ப்பது பெரும்பாலும் குரங்குச் சிறுநீரகச் செல். ஆன்டிபாடியைப் பிடித்து, அதோடு வைரஸையும் உள்ளே இழுக்கும் கொக்கி அதில் கிடையாது. நம் வெள்ளை ரத்தச் செல்கள் சிலவற்றில் உண்டு; அங்கே அதே ஆன்டிபாடி வைரஸுக்கே உதவலாம். தட்டில் 10 வந்து என்ன பயன்?

வியாசர்பாடி வாத்தியார்:
கேப்டன் காட்டன் கால்வாயைத் தூர்வாரினால் ஊசியே வேண்டாம்.

தண்டையார்பேட்டை லேப்காரன்:
வாத்தியாரே, டெங்கு கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது. மூடாத டிரம்மில்தான் முட்டை வைக்கும்.

கொருக்குப்பேட்டை அக்கா:
எங்கள் தெருவில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. டிரம்மில் பிடிக்காமல் வாயிலா பிடிப்பது?

ராயபுரம் ராக்கெட்:
அவருக்கு ஊரே தப்பு, அக்கா. பேச்சை மாற்றுகிறார். 10 என்று எழுதியதை அழிக்க மாட்டேன்.

தண்டையார்பேட்டை லேப்காரன்:
போன வருஷம் கேரம் போட்டியில் கவர் போடாமல் ரெட்டுக்குப் பாயிண்ட் கேட்ட ஆள்தானே நீங்கள்? அதே பழக்கம். ஒரே சீரத்தை இரண்டு லேபில் கொடுத்தால் இரண்டு எண் வரும். எந்த 10?

ராயபுரம் ராக்கெட்:
கவர் விழுந்தது. ஸ்கோர் எழுதினவர் நீங்கள். அதனால்தான் அது கணக்கில் வரவில்லை.

கொருக்குப்பேட்டை அக்கா:
டிரம்மை மூடியாச்சு. கொசு மருந்துப் புகை அடிக்கும் வண்டி எப்போ வரும், யாருக்காவது தெரியுமா?

தண்டையார்பேட்டை லேப்காரன்:
கவர் விழவில்லை.