மர ரயில் நிலைய மாடலின் சுவர் வளைகிறது, உதவுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்து எழுதுகிறேன். 1:87 அளவில் (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு) ரயில் நிலைய மாடல் கட்டுகிறேன். லேசரில் வெட்டிய 1.5 மி.மீ. மரத்தகடுகள். மூன்று வாரங்களுக்கு முன் முன்சுவரின் வெளிப்பக்கத்தில் மட்டும் தண்ணீர் கலந்த அக்ரிலிக் பூசினேன். மறுநாள் காலை 18 செ.மீ. சுவர் நடுவில் 4 மி.மீ. வளைந்திருந்தது. மேசையில் வைத்தால் படகுபோல் ஆடுகிறது.

பின்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து, கனமான கண்ணாடிக்கு அடியில் இரண்டு இரவு வைத்தேன். நிமிர்ந்தது. நம்பி, அரிசி மணி தடிமனுள்ள சன்னல் சட்டங்களையும் ஒட்டிவிட்டேன். மாலை மழை பிடித்ததும் மறுபடி வளைந்துவிட்டது. உட்புறமும் வண்ணம் பூசினேன், பாதிதான் குறைந்தது. இனி பாரம் வைத்தால் சட்டங்கள் நொறுங்கும். தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்து நிலையத்தின் சாயல் இதில் இருப்பதால் தூக்கிப்போட மனம் வரவில்லை.

உள்ளே குறுக்குச் சட்டம் ஒட்டுவதற்கு முன் சுவரை முழுவதும் நிமிர்த்த வேண்டுமா, வளைந்தபடியே சட்டத்தோடு இறுக்கி ஒட்டலாமா?