மறுமொழி: ‘கேசரோல்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் – ‘சட்டிவெதுப்பல்’ எனலாமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். நாம் தொகுக்கும் கலைச்சொற் பட்டியலுக்காக, ஒரே பாத்திரத்தில் அடுப்புக்குள் (ஓவனுக்குள்) வைத்து வேகவைக்கும் ‘கேசரோல்’ என்ற உணவுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் வந்த மடல்கள் அனைத்தையும் ஒருசேரப் படித்தேன். அடுப்புக்கூட்டு, தம் கூட்டு, ஊன்துவை அடிசில் என மூன்று சொற்களும், ‘கேசரோல் என்றே விட்டுவிடுவோம்’ என்ற கருத்தும் இப்போது நம்முன் நிற்கின்றன. நான் முன்வைப்பது ‘சட்டிவெதுப்பல்’. இதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. நாம் ஆளுக்கொரு பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரே சொல்லுக்காக வாதாடிக்கொண்டிருக்கிறோம் என்று எனக்குப் படுகிறது.

> பஸ், டிக்கெட், பிஸ்கட் எல்லாம் தமிழாகிவிட்டன. கேசரோலும் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே?

பஸ்ஸையும் டிக்கெட்டையும் நான் எதிர்க்கவில்லை. அவை தமிழில் ஒரே பொருளைத்தான் குறிக்கின்றன. கேசரோலின் நிலை வேறு. நம் ஊர்ப் பாத்திரக் கடையில் ‘கேசரோல்’ என்று கேட்டால், சப்பாத்தியும் இட்லியும் ஆறாமல் இருப்பதற்கான ஹாட்பாக்ஸைத்தான் எடுத்து வைப்பார்கள். வெளியே பிளாஸ்டிக், உள்ளே எவர்சில்வர். ஒரு சமையல் குறிப்பில் ‘கேசரோலை 170 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள்’ என்று எழுதினால், படிப்பவருக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பிளாஸ்டிக் பாத்திரமாகவும் இருக்கலாம். அதை அப்படியே அடுப்புக்குள் வைத்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. கலைச்சொல் தெளிவாக இல்லையென்றால் கைக்கும் வீட்டுக்கும் கேடு வரும் இடம் இது.

இதே சொல் வேதியியல் ஆய்வகத்தில் கைப்பிடி வைத்த பீங்கான் கிண்ணத்தைக் குறிக்கிறது என்று ஆசிரியர் ஒருவர் இங்கே நினைவூட்டியிருந்தார். அது சரி. பிரான்சிலோ இன்று ‘கசரோல்’ என்றால் நீண்ட கைப்பிடியுள்ள சாதாரணச் சமையல் பாத்திரம்தான். நாம் பேசும் உணவு அன்று. பிரிட்டனில் மூடி போட்டு அடுப்புக்குள் நெடுநேரம் வேகவைக்கும் குழம்புபோன்ற உணவுக்கு அந்தப் பெயர். அமெரிக்காவில் ஆழமற்ற தட்டத்தில் எல்லாவற்றையும் கலந்து, மேலே மொறுமொறுப்பாக எதையாவது தூவி, திறந்தே சுட்டெடுப்பது. அங்கே அது பரவியதற்குக் காரணங்கள் தெளிவானவை. 1915இல் கார்னிங் நிறுவனத்தின் பைரெக்ஸ் கண்ணாடிப் பாத்திரங்கள் விற்பனைக்கு வந்தன. அடுப்பிலிருந்து எடுத்த பாத்திரத்தையே மேசையில் வைக்க முடிந்தது. 1934இல் கேம்ப்பெல் நிறுவனத்தின் காளான் சூப் டப்பா வந்தது. தனியாகச் சாறு கூட்டும் வேலை குறைந்தது. 1955இல் அந்த நிறுவனத்தின் சோதனைச் சமையலறையில் டார்கஸ் ரைலி உருவாக்கிய பீன்ஸ் கேசரோல் இன்றும் நன்றி நவிலல் நாள் விருந்தில் இடம்பெறுகிறது. இத்தனை பொருள்களைச் சுமக்கும் ஒரு சொல்லை ஒலிபெயர்த்தால், அதன் குழப்பமும் சேர்ந்தே நம் மொழிக்குள் வரும்.

ஆகவே முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் பட்டியலுக்கு வந்த பதிவு சாசேஜும் (குடலுறையில் அடைத்த கொத்திய இறைச்சி) காய்கறிகளும் சேர்ந்த ஒற்றைப் பாத்திர உணவு. அதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தால் பெயர் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது தெரியும்.

அரைக் கிலோ பன்றியிறைச்சி சாசேஜை முதலில் அடுப்பின்மேல், கனமான பாத்திரத்தில், எல்லாப் பக்கமும் பழுப்பேறும்வரை புரட்டி எடுத்துவிடுகிறார்கள். அது கசியவிட்ட கொழுப்பிலேயே இரண்டு பெரிய வெங்காயம், பூண்டு, செலரித் தண்டு வதங்குகின்றன. பிறகு பெரிய துண்டுகளாக நறுக்கிய கேரட், உருளைக்கிழங்கு, தக்காளி, முன்பே வேகவைத்த வெள்ளை பீன்ஸ் விதை, ஒரு கோப்பைக்குச் சற்று கூடுதலான எலும்புச் சாறு, தைம் இலை. சாசேஜைத் திரும்ப மேலே அடுக்கி, மூடி, 170 டிகிரி செல்சியஸில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். கடைசி இருபது நிமிடம் மூடியைக் கழற்றிவிட வேண்டும். அவ்வளவுதான். இடையில் கரண்டிக்கு வேலையே இல்லை.

விதையை ஏன் முன்பே வேகவைக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டிருந்தார். தக்காளியின் புளிப்பில் விதை எளிதில் மென்மையாகாது. வெள்ளை விதைக்குப் பதிலாக நம் கடைகளில் கிடைக்கும் ராஜ்மாவைப் போடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் குறைந்தது பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவைத்த பிறகே அதைச் சேர்க்க வேண்டும். அதிலுள்ள லெக்டின் என்னும் நச்சுப் புரதம் மிதமான சூட்டில் அழியாது.

கடைசி இருபது நிமிடத்தில்தான் இந்த உணவின் உயிர் இருக்கிறது. அடுப்புக்குள் 170 டிகிரி இருந்தாலும் பாத்திரத்துக்குள் நீர் இருக்கும்வரை உணவின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. அதனால் கேரட் குழையாமல், உருளைக்கிழங்கு உடையாமல், எல்லாம் தத்தம் வடிவத்தோடு வேகின்றன. நாலாபுறமிருந்தும் ஒரே சீராகச் சூடு வருவதால் அடியும் பிடிப்பதில்லை. மூடியைக் கழற்றியதும் மேற்பரப்பு மட்டும் நீரை இழந்து, 140 டிகிரியை நெருங்கித் தாண்டி, பழுப்பேறுகிறது. கீழே நெகிழ்வு, மேலே மொறுமொறுப்பான படலமாகக் கட்டும் ஆடை. உள்ளே ஈரச்சூடு, மேலே உலர்சூடு. நம் சொல் இந்த இரண்டையும் தாங்க வேண்டும் என்பதே என் வாதத்தின் நடு.

> ‘தம் கூட்டு’ என்றால் எல்லோருக்கும் உடனே புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். தம் போடுவதில் மூடியின் விளிம்பை மாவு பூசி அடைத்து, மேலே தணல் போடுகிறோம். ஆவி வெளியேறவே கூடாது என்பதுதான் அங்கே விதி. இங்கே ஆவி இறுதியில் வெளியேறியே ஆக வேண்டும், இல்லையென்றால் ஆடை கட்டாது. மேலும் கீழும் சூடு வருவது இரண்டுக்கும் பொது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒற்றுமையை விளக்கக்குறிப்பில் சொல்லலாம், பெயராக்க முடியாது. ‘அடுப்புக்கூட்டு’ என்பதில் சிக்கல் வேறு: நம் கூட்டுகள் எல்லாமே அடுப்பில் செய்பவைதாம்.

‘ஊன்துவை அடிசில்’ என்று முன்மொழிந்தவரின் தமிழ்ப்பற்றை மதிக்கிறேன். சோறும் ஊனும் வேறு வேறாகத் தெரியாதபடி கலந்து சமைத்ததைப் பதிற்றுப்பத்து அந்தப் பெயரால் சொல்கிறது. ஆனால் நம் உணவில் ஊன் துவையவில்லை. சாசேஜ் முழுசாகக் கிடக்கிறது, கேரட்டும் தனியாகத் தெரிகிறது. இறைச்சி சேராத காய்கறிக் கேசரோலுக்கு அந்தப் பெயர் அடியோடு பொருந்தாது. பழஞ்சொல்லை மீட்பது நல்லதுதான். ஆனால் அது ஏற்கெனவே சுமக்கும் பொருளைக் களைந்துவிட்டு மீட்பது முறையன்று.

பிற மொழிகள் என்ன செய்திருக்கின்றன என்று பார்ப்பது இங்கே உதவும். பின்லாந்தில் இவ்வகை உணவுக்கு ‘லாத்திக்கோ’ என்று பெயர். அந்தச் சொல்லுக்குப் பெட்டி என்று பொருள். கிறிஸ்துமஸ் காலத்தில் டர்னிப் இனக் கிழங்கில் ஒரு ‘பெட்டி’, கேரட்டில் ஒரு ‘பெட்டி’ என்று அடுக்கி வைப்பார்கள். ஹங்கேரியில் உருளைக்கிழங்கு, அவித்த முட்டை, சாசேஜ், புளித்த பாலேடு ஆகியவற்றை அடுக்கடுக்காக வைத்துச் சுடுவதற்கு ‘ராக்கொட் க்ரும்ப்ளி’, அதாவது அடுக்கிய உருளைக்கிழங்கு. போலந்தில் சுடுவதைக் குறிக்கும் வினையிலிருந்து ‘சப்பியேகான்கா’. ஆனால் இன்று தெருக்கடையில் அந்தப் பெயரைச் சொன்னால், நீளவாட்டில் பிளந்த ரொட்டிமேல் காளானும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சுட்டதைத்தான் தருவார்கள். சுடுதல் என்ற செயலை மட்டும் வைத்துப் பெயரிட்டதால் சொல் வேறோர் உணவுக்கு நழுவிவிட்டது. நமக்கு இது பயனுள்ள எச்சரிக்கை.

பாத்திரத்தை வைத்துப் பெயரிட்டு நிலைத்ததற்கு மிகச் சிறந்த சான்று தென்பிரான்சின் ‘கசுலே’. வெள்ளை பீன்ஸ் விதை, துலூஸ் நகரத்துச் சாசேஜ், பன்றித் தோல், கொழுப்பில் பதப்படுத்திய வாத்து அல்லது பெருவாத்து இறைச்சி ஆகியவற்றைச் சேர்த்துப் பல மணி நேரம் சூளையடுப்பில் வைத்தெடுப்பது. காஸ்தெல்நோதாரி, கார்க்கசோன், துலூஸ் ஆகிய மூன்று ஊர்களும் அதற்கு உரிமை கொண்டாடுகின்றன. பெயர் வந்தது ‘கசோல்’ என்ற மண்பாத்திரத்திலிருந்து. காஸ்தெல்நோதாரிக்கு அருகிலுள்ள இசெல் என்ற சிற்றூரின் குயவர்கள் அதை வனைந்தார்கள். அடி குறுகி, வாய் அகன்று, உள்ளே மெருகு பூசியது. வாய் அகன்றிருப்பது அழகுக்காக மட்டுமன்று. பரப்பு கூடினால் ஆவியாதல் கூடும், ஆடையும் கூடும். கட்டிய ஆடையைக் கரண்டியால் உடைத்து உள்ளே அமிழ்த்தி, மீண்டும் கட்டவிட்டு, மீண்டும் உடைப்பார்கள். ஏழு முறை உடைக்க வேண்டும் என்பது அங்குள்ளவர்களின் வழக்கு. மேலே ரொட்டித்தூள் தூவுவது குறுக்குவழி என்று காஸ்தெல்நோதாரிக்காரர்கள் ஒதுக்குவார்கள். விதையின் மாவும் தோலின் பசையும் சேர்ந்து தானாகவே ஆடை கட்டும் என்பது அவர்கள் நிலை. எனக்கும் அதுவே சரியாகத் தோன்றுகிறது.

வாய் குறுகியதைப் பானை என்றும், வாய் அகன்றதைச் சட்டி என்றும் நாம் பிரித்து வைத்திருக்கிறோம். சோற்றுக்குப் பானை, குழம்புக்குச் சட்டி. ‘கசோல்’ நம் வகைப்பாட்டில் ஐயமில்லாமல் சட்டி. கண்ணாடித் தட்டமும் இனாமல் பூசிய இரும்புப் பாத்திரமும் அகன்ற வாயுள்ளவையே. ஆகவே பெயரின் முதற்பாதி ‘சட்டி’ என்பதில் எனக்குத் தயக்கமில்லை.

இரண்டாம் பாதிக்கு வருகிறேன். தமிழில் உணவுப் பெயர்கள் பெரும்பாலும் செய்முறை வினையிலிருந்து பிறக்கின்றன: பொரியல், அவியல், வறுவல், மசியல், கடையல். ‘வதக்கு’ என்பதிலிருந்து வதக்கல், ‘பிரட்டு’ என்பதிலிருந்து பிரட்டல். அதே வாய்பாட்டில் ‘வெதுப்பு’ என்பதிலிருந்து ‘வெதுப்பல்’. பேக்கரிக்கு ஈழத்தவர் ‘வெதுப்பகம்’ என்கிறார்கள். அந்தச் சொல் பெயர்ப்பலகைகளிலும் எழுத்திலும் காலூன்றிவிட்டது. கூடவே ஒரு வசதியும் உண்டு. திரும்பு–திருப்பு, நிரம்பு–நிரப்பு போல வெதும்பு–வெதுப்பு என்று தன்வினையும் பிறவினையும் இணையாகக் கிடைக்கின்றன. ‘மூடியைக் கழற்றி, மேற்புறம் வெதும்பும்வரை வையுங்கள்’ என்று சமையல் குறிப்பில் இயல்பாக எழுதலாம்.

> வெதுப்புதல் என்றால் இளஞ்சூடாக்குவது. வெதுவெதுப்பான நீர் என்கிறோமே?

இது வலுவான மறுப்பு, தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த வினைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. இலையை அனலில் வெதுப்பிக் கட்டுவது நம் வீட்டு வைத்தியம். பயிர் வெயிலில் வெதும்புகிறது. இவற்றிலெல்லாம் நீர் குறையும்படி சுற்றிலுமிருந்து தாக்கும் உலர்சூடுதான் பொருள். நீரைப் பற்றிப் பேசும்போது இளஞ்சூடு. இலையையும் பயிரையும் பற்றிப் பேசும்போது வாட்டும் சூடு. நமக்கு வேண்டியது இரண்டாவது.

‘வெதுப்பல்’ என்றால் கேக்கும் ரொட்டியும் அதற்குள் வந்துவிடாவா என்ற கேள்வியும் வரும். வரும், வரட்டும். அது பொதுப்பெயராக நிற்கட்டும். ‘சட்டி’ சேரும்போது எல்லை குறுகுகிறது. போலந்துச் சொல்லுக்கு நேர்ந்தது நம் சொல்லுக்கு நேராமல் காப்பதும் அந்த முன்னொட்டுத்தான்.

அடுப்பின் பெயரையும் இதோடு முடிவு செய்துவிட வேண்டும். ‘அவன்’ என்று எழுதுவதை நாம் நிறுத்தியே ஆக வேண்டும். ‘அவனில் வைத்து ஒரு மணி நேரம் சுடவும்’ என்ற வாக்கியம் தமிழ் படிக்கும் எவரையும் ஒரு கணம் நிறுத்திவிடும். ‘ஓவன்’ என்று எழுதுவது அதைவிட மேல். யாழ்ப்பாணத்தில் ரொட்டி சுடும் பெரிய அடுப்புக்குப் ‘போறணை’ என்பார்கள். போர்த்துக்கீசிய ‘ஃபோர்னு’விலிருந்து வந்து மக்கள் வாயில் தேய்ந்து தமிழ் ஒலி பெற்ற சொல். கனடாவிலிருந்து இக்குழுமத்துக்கு எழுதும் அம்மையார் ஒருவர் அதையே வீட்டு அடுப்புக்கும் விரிக்கலாம் என்கிறார். ஒரு புதுச்சொல்லைக் கட்டுவதைவிட வாழும் சொல்லுக்கு இடம் கொடுப்பது நல்லது என்பதால் நான் அவர் பக்கம். தமிழ்நாட்டு வாசகர்களுக்காக முதல் முறை மட்டும் ‘போறணை (ஓவன்)’ என்று எழுதினால் போதும்.

சாசேஜுக்குத் ‘தொத்திறைச்சி’ என்ற சொல் இணையத்தில் பரவியிருக்கிறது. குடலுறையில் அடைத்த கொத்திய இறைச்சி என்ற பொருள் அதில் எங்கே இருக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை. அதைத் தனி இழையில் பேசுவோம். அதுவரை பட்டியலில் சாசேஜ் என்றே இருக்கட்டும்.

பதிவின் வரைவு கீழே. திருத்தங்களை வரிக்கு வரி சொல்லுங்கள்:

சட்டிவெதுப்பல் (பெயர்ச்சொல்): அகன்ற வாயுள்ள ஒரே பாத்திரத்தில் இறைச்சி, காய்கறி, விதை முதலியவற்றைச் சாற்றோடு சேர்த்து, போறணையில் கிளறாமல் வேகவைத்து, மேற்புறம் பழுப்பேறச் செய்து, அதே பாத்திரத்தில் பரிமாறும் உணவு. எ.கா.: சாசேஜ் சட்டிவெதுப்பல், காய்கறிச் சட்டிவெதுப்பல். சமைக்கும் பாத்திரத்தைக் குறிக்க: வெதுப்புசட்டி. சூடு காக்கும் பாத்திரத்துக்கு இச்சொல்லை ஆளவேண்டாம். அதற்கு ஹாட்பாக்ஸ் என்ற வழக்கே போதும்.

‘வெதுப்புசட்டி’யை வினைத்தொகையாகக் கொண்டு வல்லினம் மிகாமல் எழுதியிருக்கிறேன். ‘வெதுப்பு’ இங்கே பெயர்ச்சொல்தான் என்று கருதுவோர் ‘வெதுப்புச்சட்டி’ என்பார்கள். இலக்கணம் அறிந்தவர்கள் இந்த ஒரு புள்ளியை முடித்துத் தந்தால் பதிவை ஏற்றிவிடலாம்.

அன்புடன்