காரீய நச்சால் வந்த இரத்தச்சோகை: அனுபவமுள்ளவர்களின் வழிகாட்டல் தேவை

அனைவருக்கும் வணக்கம். பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கும் வேலையை ஆறு ஆண்டுகள் செய்துவந்த என் அண்ணனுக்கு ஹீமோகுளோபின் 8.9 கிராமுக்கு இறங்கிவிட்டது. மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் அது ஏறவில்லை. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெர்ரிட்டின் அளவோ சரியாகவே இருந்தது. கடைசியில் ஒரு மருத்துவர் இரத்தத்துளியை நுண்ணோக்கியில் வைத்து எனக்கும் காட்டினார்: வெளிறிய செவ்வணுக்களுக்குள் மையை உதறியதுபோல நீலப் புள்ளிகள். இரத்தத்தில் காரீயம் டெசிலிட்டருக்கு 52 மைக்ரோகிராம் இருப்பது அதன் பின்னரே தெரிந்தது. 5 மைக்ரோகிராம் இருந்தாலே காரணத்தைக் கண்டறிந்து நீக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நான் படித்துப் புரிந்துகொண்டவரை, ஹீமோகுளோபினில் இரும்பைத் தாங்கும் பகுதியான ஹீமை உருவாக்கும் நொதிகளைக் காரீயம் முடக்கிவிடுவதால், உடலில் இரும்பு போதிய அளவு இருந்தும் அது ஹீமில் சேர முடியாமல் போக, அந்த இடத்தில் துத்தநாகம் அமர்ந்துகொள்கிறது. காரணம் அறியாமல் மாத்திரையை மட்டும் தொடர்ந்ததில் பல மாதங்களை இழந்துவிட்டோம்.

அண்ணன் வேலையை விட்டுவிட்டார். காரீயத்தைப் பிணைத்து வெளியேற்றும் சிகிச்சை தொடங்கியிருக்கிறது. எலும்பில் பல ஆண்டுகள் தங்கும் காரீயம் மீண்டும் இரத்தத்தில் கலக்கும் என்பதால், சிகிச்சைக்குப் பின் எத்தனை வாரங்களுக்கு ஒருமுறை பரிசோதித்தீர்கள், ஹீமோகுளோபின் எப்போது ஏறத் தொடங்கியது என்பதை இதே நிலையைக் கடந்தவர்களும் இரத்தவியல் மருத்துவர்களும் தயவுசெய்து எழுதுங்கள். வேலை உடுப்போடு வந்து அவர் தூக்கிக் கொஞ்சிய மூன்று வயது மகளுக்கும் இரத்தம் எடுத்துக் கொடுத்திருக்கிறோம். குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்த அனுபவம் உள்ளவர்கள் முதலில் அதைப் பற்றிச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.